ரூட் ஆகாத மனிதர்

எனக்கு அவரைப் பிடிக்காது. ‘பிடிக்காமல் இருந்தது’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் வரவில்லை. அவர் இப்போது தூரதேசத்தில் இருக்கிறார் என்று கேள்வி. இருக்கட்டும்.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் முளைத்த நிவாரண அலுவலகங்களில் ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். புளியந்தீவில், வாவியைப் பார்த்திருந்த பழைய மாடிவீடு. நான் பெரியகல்லாற்றுக்காரி, தினமும் பஸ்ஸில் வந்து போவேன். முகாம்களுக்குப் போகிற பொருட்களைக் கணினியில் பதிவது என் வேலை. கணினிகளுக்குப் பொறுப்பு அவர். கடலோர டச்பாரில் பிறந்து வளர்ந்த, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர். வீட்டில் போர்த்துக்கேயம் கலந்த மொழியும் வெளியில் எங்களைப் போலவே தமிழும் பேசுவார். ஐம்பது வயதைத் தாண்டிய, ஒடுங்கிய, நெடிய மனிதர். வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருப்பார். யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. தேநீர் கொண்டுவரும் பூமணி அக்காவுக்கும் எழுந்து நின்றுதான் நன்றி சொல்வார். இப்படிப்பட்டவரை வெறுக்கக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும் என்று நினைப்பீர்கள். எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

எல்லோருடைய மின்னஞ்சலும் கோப்புகளும் கீழ்த்தளத்தில் இருந்த ஒரு பெரிய கணினியில் இருந்தன. அது லினக்ஸில் ஓடியது. அந்த வகைக் கணினியில் ரூட் என்று ஒரு கணக்கு உண்டு. ரூட்டாக உள்ளே போனவர் எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். ஏன் என்று கணினி கேட்காது. மற்ற அலுவலகங்களில் அந்தக் கடவுச்சொல் நாலைந்து பேருக்காவது தெரிந்திருக்கும். எங்கள் அலுவலகத்தில் அவர் அந்தக் கணக்கையே பூட்டிவிட்டார். அதற்குப் பதிலாக சூடோ. ரூட் ஆகாமலே, ரூட் செய்யக்கூடிய வேலைகளில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு வருகிற வழி அது. கட்டளைக்கு முன்னால் சூடோ என்று அடித்தால் கணினி நம்முடைய சொந்தக் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்த வேலைக்கு நமக்கு அனுமதி இருந்தால் செய்யும். இல்லையென்றால் மறுத்துவிட்டு, இது அறிவிக்கப்படும் என்று ஒரு வரி காட்டும். அறிவிப்புப் போவது அவருக்கு. நடந்தாலும் நடக்காவிட்டாலும் இன்னார் இன்ன கட்டளையை அடித்தார் என்பது பதிவாகிவிடும்.

யாருக்கு எந்தக் கட்டளை என்று தீர்மானித்தவர் அவர்தான். ஒருவருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. “எல்லா வேலைக்கும் ஒரு ஆள்ட பேர் இருக்கோணும்” என்பார். அவர் பேச்சில் அடிக்கடி வருகிற வாக்கியம் அதுதான்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை அச்சுப்பொறி நின்றுபோனது. அவர் வெளியே போயிருந்தார். மறுநாள் விடிய முகாமுக்குக் கொண்டுபோக வேண்டிய தாள்கள் உள்ளே சிக்கிக் கிடந்தன. முன்பு வேலை செய்த இடத்தில் கற்றிருந்த கட்டளையை அடித்துப் பார்த்தேன். கணினி மறுத்துவிட்டது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் இருக்கும்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

“மிஸ், வெள்ளிக்கிழமை நீங்க பிரிண்டரத் திருப்பி ஓட வைக்கப் பார்த்திருக்கீங்க.”

“ஓம் சேர். அது நிண்டுபோய்க் கிடந்த. நீங்களும் இருக்கல்ல.”

“உங்களுக்கு அந்த அனுமதி இல்ல.”

“வேலை நிண்டுபோச்சே சேர்.”

“வேலை நிக்கலாம். ஆரு செய்த எண்டு தெரியாம நடக்கத்தான் கூடாது.”

“நான்தான் அடிச்சன் எண்டு தெரியுந்தானே.”

“தெரியும். அதாலதான் உங்களுக்கிட்டக் கேக்கிறன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. அடுத்த ஆளின் குற்றத்துக்குப் போனார். கிழமைதோறும் இது நடந்தது. கடவுச்சொல்லைப் பிழையாக அடித்தவர்கள்கூட அந்த மேசையில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தனக்கு ஒரு சட்டம் மற்றவர்களுக்கு ஒரு சட்டம் என்று அவர் வைத்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவரும் எங்களைப் போல சாதாரணப் பயனராகத்தான் உள்ளே போவார். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் சூடோ அடிப்பார். ஒருமுறை கொடுத்த கடவுச்சொல்லைக் கணினி கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அவருக்கு அதுவும் பிடிக்காது. வேலை முடிந்ததும் அதை மறக்கச் சொல்லும் கட்டளையையும் அடித்துவிட்டு, “இறங்கிட்டன்” என்று சத்தமாகச் சொல்வார். யாருக்குச் சொல்கிறார் என்று தெரியாது. அறையில் ஒருவரும் இல்லாவிட்டாலும் சொல்வார். கொழும்பிலிருந்து வந்த எங்கள் பணிப்பாளர் ஒருமுறை, தனக்கு எல்லா அதிகாரமும் வேண்டும் என்று கேட்டார். “எந்த வேலைக்கு எண்டு சொல்லுங்க சேர், அதுக்குத் தாறன்” என்று இவர் சொன்னார். பணிப்பாளரால் ஒரு வேலையும் சொல்ல முடியவில்லை.

எனக்கு அவர் கொடுத்த ஒரே அனுமதி, கணினியை நிறுத்துவது. மின்சாரம் அடிக்கடி போகும் காலம். போனால் பெற்றறியில் கொஞ்ச நேரம் ஓடும். பெற்றறி சாகும் முன் முறையாக நிறுத்தாவிட்டால் உள்ளே இருப்பவை பழுதாகிவிடும். என் மேசை பெற்றறிக்குப் பக்கத்தில் இருந்தது, அதனால் நான். “அதுக்கு மட்டும், மிஸ்” என்றார்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதைப் பூமணி அக்காதான் எனக்குச் சொன்னா. உன்னிச்சைப் பக்கத்திலிருந்து சண்டைக்குப் பயந்து நகரத்துக்கு வந்தவ. அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து அங்கேயே இருந்தவ.

“அந்தாளுட பெண்சாதியக் கடல் கொண்டுபோன, புள்ள. டச்பார்ல. உடம்பு கிடைக்கல்ல. அந்த நேரம் ஆஸ்பத்திரில கிடந்த சவத்தையெல்லாம் படம் எடுத்து, இந்த மெசினுக்குள்ளதான் போட்டு வச்சிருந்தாங்க. ஆக்கள் வந்து பார்த்து அடையாளம் சொல்லுவாங்க. இவரும் வந்து பார்க்க இருந்தவர். அதுக்குள்ள ஆரோ எல்லாத்தையும் அழிச்சுப் போட்டாங்க.”

“ஆரு?”

“அதத்தானே அவரும் கேட்டவர். எல்லாரும் அந்தப் பெரிய பேருலதானாம் உள்ள போறது. ஒருத்தரும் நான் எண்டு சொல்லல்ல. மறுகா, கொம்பியூட்டருக்கு ஆள் தேவை எண்டு சொல்லக்குள்ள இவர் வந்து சேர்ந்தவர். டெலிபோன் வேலை தெரிஞ்ச மனிசன். இதையும் படிச்செடுத்தார்.”

இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. சில நாட்கள் அவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் கரைந்தேன். அது நீடிக்கவில்லை.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சண்டை மூண்டு சனம் நகரப் பக்கம் வரத் தொடங்கிய நாட்கள் அவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே பாலங்களில் சனம். கைக்குழந்தைகளோடு பள்ளிக்கூடங்களில் வந்து இறங்கினார்கள். பால்மா லொறிக்குக் கொழும்பிலிருந்து அனுமதி கேட்க வேண்டும். தொலைபேசியை வெட்டியிருந்தார்கள். கூரையிலிருந்த செய்மதிக் குடை வழியாகப் போகும் மின்னஞ்சலும் நின்றிருந்தது. அஞ்சல் செயலியை ஒருமுறை நிறுத்தி ஓடவிட்டால் போதும், எல்லோருக்கும் தெரியும். செய்ய முடிந்தவர் மாதா கோவிலில் ஞாயிற்றுப் பூசையில் இருந்தார். நான் ஓடிப்போய் வாசலில் நின்று கையைக் காட்டினேன். பார்த்தார். பூசை முடியும்வரை எழும்பவில்லை. பிறகு என்னோடு நடந்து வந்தார். நான் ஓடினேன், அவர் நடந்தார். கட்டளையை அடித்தார். “இறங்கிட்டன்” என்றார். அன்றைக்குப் பள்ளிக்கூடங்களில் சீனித்தண்ணீர் குடித்த குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“எனக்கு அந்த அனுமதியத் தந்தா என்ன சேர்?” என்று கேட்டேன்.

“அவசரத்தில குடுக்கிறது திருப்பி எடுக்க ஏலாம போகும், மிஸ்.”

தவராசா அண்ணன் எங்கள் கள உத்தியோகத்தர். வாகரைப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். அவருடைய ஊரே இடம்பெயர்ந்து முகாமுக்கு வந்திருந்தது. பகல் முழுக்க முகாம்களில் திரிவார். பின்னேரம் வந்து கணினி முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி மின்னஞ்சல் எழுதுவார். முகாமிலிருந்து இளம் பிள்ளைகளைச் சிலர் பிடித்துப்போவதை, தாய்மார் அவரிடம்தான் வந்து சொன்னார்கள். எந்தத் தாய், எந்தப் பிள்ளை, யார் வந்து கூட்டிப்போனது என்றெல்லாம் கொழும்புக்கு எழுதுவார். எங்களுக்கு அது தெரியும். அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

ஒரு நாள் மத்தியானம், மின்சாரம் இல்லாத நேரம், மூன்று பேர் உள்ளே வந்தார்கள். சாதாரண உடுப்பு. ஒருவனுடைய சட்டைக்குள் துவக்கு புடைத்துக்கொண்டு தெரிந்தது. எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அந்த நாட்களில் கேட்பதில்லை. பணிப்பாளர் கொழும்பில். மேலே இருந்தவர்களை மேலேயே இருக்கச் சொன்னார்கள். கீழே நானும், அவரும், குசினியில் பூமணி அக்காவும்.

“தவராசா எங்க?” என்று துவக்குக்காரன் கேட்டான்.

“முகாமுக்குப் போயிட்டார். எந்த முகாம் எண்டு தெரியா” என்றேன் நான்.

“அவன்ட மெயில் எல்லாம் வேணும். எழுதினது, வந்தது, எல்லாம்.” ஒரு பென்டிரைவை மேசையில் வைத்தான். “ஆரு எடுத்துத் தாறது?”

நான் அவரைப் பார்த்தேன். ஏலாது என்று சொல்வார் என்று நினைத்தேன். பணிப்பாளருக்கே இல்லை என்றவர். அச்சுப்பொறிக்கே கூட்டத்தில் வைத்து என்னைக் கேட்டவர். கணினி பழுது, கடவுச்சொல் மறந்துபோச்சு, கரண்ட் வரட்டும், எதையாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

“எனக்குத்தான் ஏலும்” என்றார். “உங்களுக்குத் தேவை தவராசாட மெயில் மட்டுந்தானே?”

“ஓம்.”

“அப்ப அது மட்டும்.”

உட்கார்ந்தார். தன்னுடைய பெயரில் உள்ளே போனார். சூடோ அடித்தார். எந்த நாளும் அடிக்கிற அதே வேகம். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மேசைக் கணினியும் பெற்றறியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கிருந்த ஒரே அனுமதியை எழுதினேன். சூடோ, நிறுத்து. கடவுச்சொல்லைக் கேட்டது. பிழையாக அடித்தேன். திரும்ப முயலும்படி சொன்னது. ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். அவருடைய திரையில் கணினி நிறுத்தப்படுகிறது என்ற வரி வந்திருக்கும். அவர் தலை நிமிர்ந்தது. பெரிய கணினியின் இரைச்சல் குறைந்து குறைந்து நின்றது.

“என்ன நடந்த?” என்றான் துவக்குக்காரன்.

“பெற்றறி முடிஞ்சு” என்றேன்.

அவன் அவரைப் பார்த்தான். “பெற்றறி முடிஞ்சா?”

அவர் தலையாட்டியிருந்தால் போதும். ஒன்றும் பேசாமல் இருந்திருந்தாலும் போதும்.

“பெற்றறி முடியல்ல” என்றார். “இவ நிப்பாட்டினவ. அந்த அனுமதி இவக்கு மட்டுந்தான் இருக்கு.”

துவக்குக்காரன் என்னிடம் வந்தான். இடது காதோடு சேர்த்து அறைந்தான். கதிரையோடு விழுந்தேன். அந்தக் காது இன்றைக்கும் அரைவாசிதான் கேட்கும். கீழே கிடந்தபடி அவருடைய சப்பாத்துகளைப் பார்த்தேன். அவை அசையவில்லை.

“ஏன் நிப்பாட்டினவள்?” என்று அவரிடமே கேட்டான்.

“ஏன் எண்டு எனக்குத் தெரியா. என்ன செய்தவ எண்டுதான் தெரியும்.”

“திருப்பி ஓட விடு.”

பின்பக்கத்தில் ஜெனரேட்டரை இயக்க வேண்டியிருந்தது. அதற்குள் பூமணி அக்கா குசினியிலிருந்து வந்து, “தம்பிமாருக்குத் தேத்தண்ணி ஊத்திறன். சீனி இல்ல, முன்கடையில வாங்கிட்டு ஓடி வாறன்” என்றா. ஒருவன் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அக்கா தரையில் இருந்த என்னைப் பார்க்கவே இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, அவசரம் இல்லாதவ போலப் படலையைத் திறந்து போனா.

கணினி எழும்பியதும் உடனே வேலைக்கு வரவில்லை. நெடுநாள் ஓய்வில்லாமல் ஓடியதால் தன் வன்தட்டை முழுக்கப் பரிசோதிக்கத் தொடங்கிவிட்டது. திரையில் சதவீதம் ஒவ்வொன்றாக ஏறியது. “இத நிப்பாட்ட ஏலாதா?” என்று கேட்டான். “ஏலும். ஆனா பழுதாப் போனா உங்களுக்கும் ஒண்டும் கிடைக்காது” என்றார் அவர். அதுவும் உண்மைதான். வந்தவர்கள் சீனி போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் சுவரோடு தரையில் இருந்தேன். காதுக்குள் ஏதோ இரைந்துகொண்டிருந்தது.

பரிசோதனை முடிந்ததும் அவர் மறுபடி சூடோ அடித்து, தவராசா அண்ணனின் அஞ்சல் முழுவதையும் பென்டிரைவில் ஏற்றினார். கழற்றி மேசையில் வைத்தார். “இறங்கிட்டன்” என்றார்.

என்னையும் கூட்டிப்போவதா என்று அவர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். “அவ செய்தது அவட அனுமதிக்குள்ளதான்” என்று அவர் இடையில் சொன்னார். அதற்காகத்தான் விட்டார்களா, வேண்டியது கிடைத்ததால் விட்டார்களா, தெரியாது. அதற்காக நான் அவருக்கு நன்றி சொன்னதில்லை.

பூமணி அக்கா சீனி வாங்கப் போன நேரம் கடைத் தொலைபேசியிலிருந்து முகாம் பக்கத்துக் கடையொன்றுக்கு எடுத்துச் சொல்லியிருந்தா. தவராசா அண்ணன் போட்டிருந்த சட்டையோடு வாவியில் இறங்கி, யாருடையதோ தோணியில் தெற்கே வந்தார். என் தமையன் அவரைப் பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டில் மீன்வலைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தான். பிறகு வழி கிடைத்துக் கடல் கடந்தார்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டம் வழமைபோல நடந்தது. என் முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

“மிஸ், நிப்பாட்டுற அனுமதிய நான் எடுத்திட்டன். அது கரண்ட் இல்லாம பெற்றறி முடியிற நேரத்துக்குத் தந்தது.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“நீங்க தவராசாட மெயிலக் குடுத்ததுக்கு ஆருட அனுமதி, சேர்?” என்று கேட்டேன்.

“என்ட அனுமதி. என்ட பேருலதான் இருக்கு. நான் ஒளிக்கல்ல.”

“அதில எழுதியிருந்த தாய்மாருக்கிட்ட நீங்க கேட்டீங்களா?”

கேள்வி விளங்கவில்லை என்றுதான் அவர் முகம் சொன்னது. படங்களை அழித்தது யார் என்று தேடித் தேடி, கடைசியில் அவருக்கு அந்த ஒரு கேள்வி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. யார் செய்தது என்பார். செய்யலாமா என்பது அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை.

சில நாட்கள் கழித்து முகாமிலிருந்து ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தா. வெயிலில் நடந்து வந்திருந்தா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மகள், என்ட மகன்ட பேர எடுத்து விடுங்க. அவன் காணாமப் போகல்ல. வெளிநாட்டுக்குப் போயிருக்கான். நான் சும்மா அழுது சொல்லிட்டன்.”

“ஆரும் வந்து சொன்னாங்களா அம்மா?”

“ஒருத்தரும் வரல்ல மகள். பேர எடுத்து விடுங்க.”

அவ கையெடுத்துக் கும்பிட்டா. எதிர் மேசையில் அவர் கழுத்துப் பொத்தான் பூட்டிய சட்டையோடு இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தாய் போன பிறகு எழுந்து வெளியே போனார். அன்று பின்னேரம்வரை திரும்பவில்லை. எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

போர் முடிந்தது. நகரத்தில் வெடி கொளுத்தினார்கள், சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் பலர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். நிவாரண அலுவலகங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. எங்களுடையதும் மூடியது.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு காலை நேரம், எங்கள் வீட்டுப் படலையில் அவர் நின்றார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, ஊருக்குள் விசாரித்து வந்திருக்கிறார். நான் படலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

“நான் போறன், மிஸ். தங்கச்சி அவுஸ்திரேலியால இருக்கா. அவ கூப்பிட்டிருக்கா.”

“சரி சேர்.”

“தவராசா இருக்கிறார் எண்டு கேள்விப்பட்டன். அவருக்கிட்ட ஒரு விசயம் நேரச் சொல்லோணும். அத எடுத்துக் குடுத்தது நான்தான் எண்டு.”

“அது அவருக்குத் தெரியும்.”

“என்ட வாயால சொல்லோணும். அவர் எங்க இருக்கிறார் எண்டு உங்களுக்குத் தெரியுமா?”

போன கிழமைதான் தவராசா அண்ணன் தொலைபேசியில் எடுத்துக் கதைத்திருந்தார். எந்த ஊர், எந்தத் தெரு, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று எல்லாம் எனக்குத் தெரியும்.

“தெரியும் சேர்” என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார்.

“சொல்ல மாட்டன்.”

அவருடைய வாய் கொஞ்சம் திறந்து, அப்படியே நின்றது. தெரியும் என்று சொல்லிவிட்டு, சொல்ல மாட்டேன் என்றும் ஒரு மனிதர் சொல்லலாம் என்பதை முதல்முறையாகக் கேட்பவர் போல என்னைப் பார்த்தார். நான் படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டேன்.